வயோலாவா, டியாஸா? கை மாறிய ஒரு நீராவி மீன்பிடி இழுவைக் கப்பல்

நெய்தல்வாசி (கேள்வி):
தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியாத் தீவின் கிரிட்விக்கனில், மூடப்பட்ட திமிங்கில எண்ணெய்த் தொழிற்கூடத்தின் அருகே துருவேறி நிற்கும் ஒரு கப்பலின் படத்தைப் பார்த்தேன். படக்குறிப்பு அதை ‘டியாஸ்’ என்கிறது. வேறொரு குறிப்போ அதையே ‘வயோலா’ என்றும், வட கடலில் மீன்பிடிக்கக் கட்டப்பட்டது என்றும் கூறுகிறது. இரண்டும் ஒரே கப்பல்தானா? அப்படியானால் அது யார் யார் கைக்கு மாறி அவ்வளவு தொலைவு சென்றது?

கொதிகலன்:
ஒரே கப்பல்தான். இங்கிலாந்தின் பெவர்லியில் 1906இல் கட்டப்பட்டு, ஹல் துறைமுகத்தின் ஹெல்யர் நிறுவனத்துக்காகக் கடலில் இறங்கியது. அந்நிறுவனம் தன் கப்பல்களுக்கு ஷேக்ஸ்பியர் நாடகப் பாத்திரங்களின் பெயர்களைச் சூட்டியது. வயோலா என்பவள் கப்பல் உடைந்து அந்நியக் கரையில் ஒதுங்கி, மாறுவேடத்தில் வாழும் பெண். பெயர் வைத்தவருக்குத் தீர்க்கதரிசனம் இருந்ததோ என்னவோ!

அன்றைய தொழில்முறை கடுமையானது. கப்பல்கள் கூட்டமாக வட கடலின் ஆழம் குறைந்த டாகர் திட்டுப் பகுதியில் வாரக்கணக்கில் தங்கி, இழுவை மடி எனும் பை போன்ற வலையைக் கடலடியில் இழுத்தன. பிடித்த மீனைப் பெட்டிகளில் அடுக்கி, சிறு துடுப்புப் படகில் ஏற்றி, லண்டனின் பில்லிங்ஸ்கேட் சந்தைக்கு விரையும் சுமைக் கப்பலுக்கு நடுக்கடலிலேயே மாற்றினார்கள். அலை எழும்பும் வேளையில் அந்தப் படகில் நின்று பெட்டி தூக்கியவர்களில் பலர் உயிரிழந்தனர். மடி இழுப்பதைவிட இந்த ஏற்றி இறக்கும் வேலையே ஆபத்தானது.

பாய்மரக்காரன்:
உரிமை மாற்றத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1914இல் போர் மூண்டதும் பிரிட்டிஷ் கடற்படை இதை எடுத்துக்கொண்டு ஆயுதம் பொருத்தியது. 1918இல் யுபி-30, யுபி-115 ஆகிய ஜெர்மன் நீர்மூழ்கிகளை அழித்த நடவடிக்கைகளில் இதற்கும் பங்கு உண்டு. போர் முடிந்தபின் நார்வேக்காரர்களுக்கு விற்கப்பட்டு, முதலில் ‘காப்டுயென்’ என்றும், திமிங்கில வேட்டைக்கு மாற்றியமைக்கப்பட்டபின் ‘டியாஸ்’ என்றும் பெயர் பெற்றது. 1927இல் கிரிட்விக்கனை நடத்திவந்த அர்ஜென்டினா நிறுவனமான கம்பானியா அர்ஜென்டினா தே பெஸ்கா இதை வாங்கியது.

அங்கே இதன் வேலை யானைச் சீல் எனும் பெரிய கடல்நாய்களின் வேட்டை. கரையோரமாகச் சென்று, கொன்ற ஆண் சீல்களின் கொழுப்பை ஏற்றிவந்து, எண்ணெய் காய்ச்சும் கூடத்தில் சேர்ப்பது. இடையிடையே ஆய்வுப் பயணக் குழுக்களையும், தெற்கு ஓர்க்னித் தீவுகளில் இருந்த அர்ஜென்டினா வானிலை நிலையத்துக்கான பொருள்களையும் சுமந்தது. வலை, பீரங்கி, கொழுப்பு என்று சரக்கு எதுவானாலும், உறுதியான உடலும் நீராவி எஞ்சினும் உள்ள சிறு கப்பலுக்கு வேலை இருந்துகொண்டேயிருந்தது.

நெய்தல்வாசி:
மிக்க நன்றி. இவ்வளவு பழைய கப்பலை யாரும் உடைத்து இரும்பாக விற்காதது ஏன்?

கொதிகலன்:
தொலைவுதான் காரணம் என்பது என் கருத்து. 1960களின் நடுவில் தொழிற்கூடம் மூடப்பட்டபோது, இதை இழுத்துச் சென்று உடைப்பதற்கான செலவு இரும்பின் விலைக்கு மேல் போயிருக்கும். ஹல்லிலேயே இருந்திருந்தால் அதன் கூட்டாளிகளைப் போல எப்போதோ உடைபட்டிருக்கும். 1974இல், கட்டிப்போட்டிருந்த துறையிலேயே மூழ்கியது. 2004இல் துறைமுகத் துப்புரவுப் பணியின்போது மிதக்கவைத்துக் கரையேற்றினார்கள். பழைய நீராவி எஞ்சின் இன்னும் உள்ளே இருக்கிறது. ஹல்லுக்கே திரும்பக் கொண்டுவர ஓர் அறக்கட்டளை முயன்றுவருகிறது.

பாய்மரக்காரன்:
அதில் எனக்கு உடன்பாடில்லை. ஹல்லுக்காக அது மீன் பிடித்தது ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் மட்டுமே. தெற்கு ஜார்ஜியாவில் உழைத்ததோ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல். கிரிட்விக்கனிலேயே கூரை போட்டுக் காப்பாற்றலாமே?