ஈர வைக்கோலில் போன எட்டுக் குஞ்சுகள்

பரந்தன் பக்கம் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட சின்னக் கூடு, ஊர்க்கோழிகள் பன்னிரண்டு. போன கார்த்திகை மழைக்குள் ஒரு பேட்டுக்கோழி 11 குஞ்சு பொரித்தது. நிலம் குளிரக்கூடாது என்று, மாட்டுக்கு வைத்திருந்த வைக்கற்போரில் இரண்டு கட்டு உருவிக் கூட்டுக்குள் பரப்பினேன். போருக்கு மேலே தறப்பாள் மூடியிருந்தது. அடிப்பக்கம் வெள்ளத்தில் ஊறிக் கிடந்ததை நான் பார்க்கவில்லை. உதறியபோது சாம்பல் மாதிரி ஒரு தூள் பறந்தது. அது பூஞ்சணம் என்று அப்போது விளங்கவில்லை.

ஐந்தாம் நாள் குஞ்சுகள் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சிழுக்கத் தொடங்கின. ஒரு கிழமைக்குள் எட்டுப் போய்விட்டன. செத்த ஒன்றை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் வெட்டி, நுரையீரலில் இருந்த மஞ்சள் வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார். பூஞ்சண வித்துகள் மூச்சோடு உள்ளே போய் அங்கேயே வளருமாம். குஞ்சுக்குக் குஞ்சு தொற்றாது, ஆனால் எல்லாம் ஒரே வைக்கோலில்தானே படுத்தன. பிடித்த பிறகு மருந்தால் காப்பாற்றுவது கடினம், மிச்சத்தையாவது உடனே இடம் மாற்றுங்கள் என்றார். மூன்று மிஞ்சின.

இப்போது அரிசி மில் உமிதான். குஞ்சுக்கு இரண்டு அங்குலம், பெரிய கோழிக்கு நான்கு அங்குலத்துக்குக் குறையாமல். முதல் மூன்று நாள் உமிக்கு மேல் சாக்கு விரித்துவிடுவேன், இல்லாவிட்டால் தீனி என்று நினைத்துக் கொத்தும். பத்திரிகைத்தாள் வேண்டாம். வழுக்கி, குஞ்சின் கால் இரண்டு பக்கமும் விரிந்துவிடும். கிழமைக்கு ஒருமுறை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பேன். கை விரித்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம், அந்த இடத்தை அள்ளிவிட வேண்டும்.

உங்கள் கூட்டில் என்ன போடுகிறீர்கள்? பட்டதை எழுதுங்கள்.

ஒட்டுசுட்டானில் இருந்து:
அக்கா, வாசிக்கவே மனம் கஷ்டமாக இருக்கிறது. எனக்கு மரத்தூளால் வந்தது. ஒரு தளபாடப் பட்டறையில் சும்மா தந்தார்கள், மூன்று உரப்பை அள்ளி வந்தேன். அதற்குள் பிளைவுட் தூள், வார்னிஷ் பூசித் தேய்த்த தூள், கறையான் மருந்து அடித்த பலகைத் தூள் எல்லாம் கலந்திருந்திருக்கிறது. கோழிகள் அதில் புரண்டு குளித்தன. இரண்டு நாளில் கண்ணில் தண்ணீர், ஓயாத தும்மல். முழுக்க வாரிக் கொட்டினேன். இப்போது பட்டறையில் நின்று, மருந்து படாத பச்சைப் பலகையைச் சீவும்போது விழுகிற சுருளை மட்டும் வாங்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடுகிறேன். தூளைவிட அதில் புழுதி குறைவு.

மல்லாவியில் இருந்து:
உமிதான் நானும். ஒன்று சொல்ல வேண்டும், உமியோடு குறுநெல் வந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். அம்மா சுளகில் புடைத்துத்தான் உள்ளே விடுவா. அப்புறம் மார்கழியில் கூட்டுக்குள் எச்ச வாடை கண்ணை எரித்தது. சுண்ணாம்பு தூவினேன், இன்னும் கூடியது. ஈர எச்சத்தில் சுண்ணாம்பு பட்டால் அமோனியா கிளம்பும் என்று பிறகுதான் தெரிந்தது. உண்மையில் தண்ணீர்ச் சட்டிதான் குற்றவாளி. அதைக் கல்லில் உயர்த்தி வைத்தேன், சாரல் அடிக்கிற பக்கம் கிடுகு இறக்கினேன், வாடை நின்றது. நாங்கள் குனிந்து மூச்செடுத்தால் எரியவில்லை என்றால்தான் கோழிக்கும் சரி.

அக்கா, அந்த வைக்கோலை என்ன செய்தீர்கள்?

பரந்தனில் இருந்து:
எரித்தேன் தம்பி. பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்கும் போடக்கூடாது. அள்ளும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் எங்கள் நெஞ்சுக்கும் கூடாது.