குடும்ப வன்முறை விழிப்புணர்வுக் கூட்டங்களில் நீங்கள் கண்டது – அனுபவப் பகிர்வு

திண்டுக்கல் பக்கம், மகளிர் குழுவிலிருந்து:

பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளான நவம்பர் 25 வந்தால் எங்கள் பக்கம் ஊர்வலம், உறுதிமொழி, மேடைப் பேச்சு எல்லாம் நடக்கும். 1960-இல் டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரியை எதிர்த்ததற்காகக் கொல்லப்பட்ட மிராபால் சகோதரிகள் மூவரின் நினைவு நாள் அது. டிசம்பர் 10 மனித உரிமை நாள் வரை பதினாறு நாளும் பல ஊர்களில் நிகழ்ச்சி வைக்கிறார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் கூட்டத்தை எங்கே வைக்கிறோம், யார் முன்னால் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பெண்கள் வாயைத் திறப்பார்கள்.

சமுதாயக் கூடத்தில் வைத்தபோது முன்வரிசை முழுக்க ஊர்ப் பெரியவர்கள். பெண்கள் கைதட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அப்புறம் நூறு நாள் வேலை நடந்த கண்மாய்க் கரையிலேயே, சாப்பாட்டு நேரத்தில் வைத்தோம். மைக் இல்லை, பேனர் இல்லை. வழக்கறிஞர் அக்கா ஒருவர் எங்களோடு தரையில் உட்கார்ந்து பேசினார். தூக்குவாளியைத் திறந்துகொண்டே ஒரு பெண், "தெரிஞ்ச ஒருத்திக்காகக் கேக்குறேன்க்கா. வீடு மாமியார் பேர்ல இருக்கு. குடிச்சிட்டு வந்து நடுராத்திரியில வெளியே தள்ளினா அவ எங்க போவா?" என்றார். யாருக்காகக் கேட்கிறார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

வீடு யார் பேரில் இருந்தாலும் சரி, குடும்பமாக வாழ்ந்த வீட்டிலிருந்து அவளைச் சும்மா வெளியேற்ற முடியாது, 2005-இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தில் அந்த உரிமை இருக்கிறது என்று அக்கா சொன்னார். மாமனார், மாமியார் பேரில் உள்ள வீட்டிலும் அந்த உரிமையைக் கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியதையும் சொன்னார். அடி மட்டும் அல்ல. கேவலமாகப் பேசுவது, கூலியைப் பிடுங்கிக்கொள்வது, விருப்பமில்லாமல் தொடுவது எல்லாமே வன்முறைதான் என்றதும் பேச்சு நின்றுவிட்டது. வயதான ஆத்தா ஒருவர்தான் கேட்டார்: "தாலி கட்டுன புருஷன் தொட்டாலுமா?"

"ஆமா ஆத்தா, அவரே ஆனாலும்."

வயது வந்த மனைவியைக் கணவனே வன்புணர்வு செய்தால் அது இன்றுவரை நம் குற்றச் சட்டத்தில் வன்புணர்வு ஆகாது. எனக்கு அது ஆறவே ஆறாத கோபம். குடும்ப வன்முறைச் சட்டத்திலாவது அதற்கு ஓர் இடம் இருப்பதை ஒவ்வொரு பெண்ணுக்கும் சொல்லியாக வேண்டும்.

மதுரையிலிருந்து:

எங்கள் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி, "போலீஸ் ஸ்டேஷன் ஏறணுமா?" என்பதுதான். ஏறாமலும் தொடங்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். நடந்ததை அவரிடம் சொன்னால் அறிக்கையாக எழுதி நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். காசு கிடையாது. நீதிமன்றம் போடும் பாதுகாப்பு உத்தரவைக் கணவன் மீறினால் ஓராண்டு வரை சிறை. இதைச் சொன்னவுடன் பெண்களின் உட்காரும் தோரணையே மாறுவதைப் பார்த்திருக்கிறேன். வழக்கு வேண்டாம், அடி நின்றால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

ஈரோட்டிலிருந்து:

நோட்டீஸ் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு பெண்ணின் பையில் அந்தத் தாளைப் பார்த்த கணவர், அதற்காகவே அவரை அடித்தார். அதிலிருந்து தாள் கொடுப்பதை விட்டுவிட்டோம். 181 என்ற மகளிர் உதவி எண்ணை எல்லோரும் வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்கிறோம். 24 மணி நேரமும் எடுப்பார்கள். பேசி முடித்ததும் போனில் அந்த அழைப்பை எப்படி அழிப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுக்கிறோம். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்குத்தான் இதற்கு நேரம் பிடிக்கிறது.

மில்லில் வேலை செய்யும் பெண் பிள்ளைகள் தங்கும் விடுதிகளில் இப்படிக் கூட்டம் நடத்தியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்களேன். எங்களுக்குத் தெரிந்த விடுதிகளில் வார்டன் கூடவே உட்கார்ந்துகொள்கிறார். அவர் இல்லாமல் அந்தப் பிள்ளைகளிடம் பேச எப்படி அனுமதி வாங்கினீர்கள்?