லேக் ஜார்ஜ் ஊரருகே ஆர்வி வண்டிக்கு எந்த முகாம் ஏற்றது?

லாஸ்பேட்டைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் வரும் ஜூலையில் புதுச்சேரியிலிருந்து நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குச் செல்கிறோம். மருமகன் 25 அடி நீள ஆர்வி வண்டி (படுக்கை, சமையலிடம், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, நியூ யார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைப்பகுதியில் உள்ள லேக் ஜார்ஜ் என்னும் சிற்றூருக்கு மூன்று இரவுகள் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார். முகாமைத் தேர்ந்தெடுக்கும் வேலையை, பொழுது போகட்டும் என்றோ என்னவோ, என்னிடம் விட்டுவிட்டார்.

இரண்டு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று, ஊரை ஒட்டியே உள்ள மாநில அரசின் லேக் ஜார்ஜ் பேட்டில்கிரவுண்ட் முகாம். அங்கிருந்து ஏரிக்கரைக்கு நடந்தே போகலாம், கட்டணமும் குறைவு, ஆனால் வண்டிக்கு மின் இணைப்பு கிடையாது. மற்றொன்று ஊருக்குச் சில கிலோமீட்டர் வெளியே உள்ள தனியார் முகாம். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் மூன்றும் வண்டி நிற்கும் இடத்திலேயே உண்டு. கட்டணம் சில மடங்கு அதிகம். மனைவிக்கு முழங்கால் வலி. நான் இரவில் மூச்சுக்கருவி பொருத்திக்கொண்டு உறங்குபவன். நான்கு வயதுப் பேத்தியும் உடன் வருகிறாள். அனுபவப்பட்டவர்கள் வழிகாட்ட வேண்டும்.

மஞ்சக்குப்பத்தார் எழுதியது:

ஐயா, யோசிக்காமல் மின் இணைப்பு உள்ள இடத்தையே எடுங்கள். இணைப்பில்லாத இடத்தில் வண்டியின் மின்கலம் விளக்கையும் தண்ணீர் பம்பையும்தான் தாங்குமே தவிர, ஏசியையோ மைக்ரோவேவையோ ஓட்டாது. ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நினைக்கலாம். அரசு முகாம்களில் அதைக் காலையிலும் மாலையிலும் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமே இயக்க விடுவார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு கடலூரில் பல நாட்கள் மின்சாரமின்றிக் கிடந்தவர்களுக்கு, இன்வெர்ட்டர் விளக்கு மங்குவதைப் பார்த்தபடி படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இணைப்பு இருந்தாலும் அளவறிந்துதான் பயன்படுத்த வேண்டும். உங்கள் வண்டி அளவுக்குப் பெரும்பாலும் 30 ஆம்பியர் இணைப்புதான் வரும். அங்கே 120 வோல்ட் என்பதால் மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது என் மனைவி மின்கெட்டிலில் வெந்நீர் வைத்து, மருமகள் மைக்ரோவேவில் பாலைச் சூடாக்க, மொத்த வண்டியும் இருண்டு போனது. இங்கிருந்து மிக்சியை எடுத்துச் செல்லாதீர்கள். நம்முடையது 230 வோல்ட்டுக்கானது, அங்கே சட்னிக்கு உதவாது.

முன்பதிவு செய்யும்போது ஏரி தெரிகிறதா என்பதற்கு முன்பாக, வண்டி நிறுத்தும் தளம் சமமாக இருக்கிறதா என்று கேளுங்கள். நாங்கள் தங்கிய ஒரு முகாமில், பெயர் வேண்டாம், தளம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. மேசையில் வைத்த எவர்சில்வர் டம்ளர் தானாக நகர்ந்து போய்க் கீழே விழுந்தது. எரிவாயுவில் இயங்கும் வகைக் குளிர்பெட்டி சரிவில் சரியாகக் குளிராது என்பதால், ஊற்றி வைத்திருந்த இட்லி மாவும் மறுநாள் புளித்துப் பொங்கிவிட்டது. சக்கரத்தின் அடியில் வைக்கும் கட்டைகளை வண்டியை வாடகைக்குத் தருபவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வில்லியனூர் மகள் எழுதியது:

மேலே எழுதியிருப்பவருடன் எனக்குப் பாதி உடன்பாடுதான். ஆல்பனியில் குடியிருப்பதால் ஆண்டுதோறும் அந்த ஏரிக்குப் போகிறேன். ஏரியின் நீளம் 51 கிலோமீட்டர், அதாவது புதுச்சேரியிலிருந்து கடலூர் போய்த் திரும்புகிற தூரம். ஆனால் படகுத்துறை, கடைகள், குழந்தைகள் குளிக்கும் கரை எல்லாம் தென்முனையில் உள்ள ஊரில்தான். வண்டியை ஒருமுறை இணைப்புகளோடு நிறுத்திவிட்டால், ஐஸ்கிரீம் வாங்கக்கூட அத்தனை குழாயையும் கழற்றிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். போன பிறகு 25 அடி வண்டியை நிறுத்த ஊருக்குள் இடம் தேடுவது தனி வேலை. எனவே வெளியே தங்குவதானால், உங்கள் மகள் தன் காரைத் தனியே ஓட்டி வர வேண்டும். பலரும் இதை யோசிப்பதில்லை.

அடிரோண்டாக்கில் ஜூலையிலும் இரவு குளிரத்தான் செய்யும். ஏசி இல்லாமல் நிம்மதியாக உறங்கலாம். பேட்டில்கிரவுண்டில் வெந்நீர்க் குளியலறையும் உண்டு. ஆனால் அது 9ஆம் எண் சாலையை ஒட்டியது, வண்டிச் சத்தம் கேட்கும். 1755இல் போர் நடந்த இடம் என்பதால்தான் அந்தப் பெயர், உங்களுக்கு ஆர்வமிருந்தால் கோட்டையின் எச்சங்களையும் பார்க்கலாம்.

ஐயாவின் மூச்சுக்கருவிதான் என்னைத் தயங்க வைக்கிறது. ஈரப்பதமூட்டும் பகுதியை அணைத்துவிட்டால் வண்டியின் மின்கலத்திலேயே ஓரிரவு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பழக்கமில்லாத வாடகை வண்டியில், மூன்று இரவுகளுக்கு, அந்தச் சோதனை வேண்டாம். அம்மாவின் முழங்காலுக்கும் இதே கணக்குதான். கழிவுநீர்க் குழாய் நிற்கும் இடத்திலேயே இருந்தால், இரவில் வண்டிக்குள்ளிருக்கும் கழிப்பறையைத் தொட்டி நிரம்பிவிடுமோ என்ற கவலையின்றிப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் ஐந்து பேருக்கு மூன்றாம் நாள் தொட்டி நிரம்பி, கிளம்பும் நாளில் காலி செய்யும் இடத்தில் வரிசையில் நிற்க நேரும். நம் தெருவுக்குக் கழிவுநீர் லாரி வருவதைத் தள்ளி நின்று பார்த்திருப்பீர்கள், அங்கே அந்தக் குழாயை மருமகனே பிடிக்க வேண்டும். முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகு குளியல் நீர்த் தொட்டி. அந்த நீரிலேயே குழாய் அலசப்பட்டுவிடும்.

பாகூர் ஏரிக்கரை எழுதியது:

சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. நியூ யார்க்கின் பார்க்வே எனப்படும் சாலைகளில் பாலங்கள் தாழ்வானவை, ஆர்வி வண்டிகளுக்கு அங்கே அனுமதியில்லை. கைப்பேசி வரைபடம் அதை அறியாமல் அவற்றில் திருப்பிவிடும். 87ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டு விலகாமல் சென்று, ஆல்பனியைத் தாண்டிய பிறகு வரும் 21 அல்லது 22ஆம் எண் வெளிவழியில் இறங்கச் சொல்லுங்கள். விறகையும் வீட்டிலிருந்து ஏற்றிச் செல்ல வேண்டாம். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் பரவுவதைத் தடுக்க, பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டு செல்வதை அம்மாநிலம் தடை செய்திருக்கிறது.

லாஸ்பேட்டைவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மகளிடம் பேசிவிட்டேன், அவள் காரையும் எடுத்து வருகிறாள். தனியார் முகாமிலேயே மூன்று இரவுகளுக்குக் கேட்டிருக்கிறோம். தளம் சமமானதா என்று மருமகன் கேட்டதற்கு, இரண்டு இடங்களின் எண்களைக் கொடுத்து, அவற்றில் குளியலறைக்கு அருகில் இருப்பது எது என்றும் சொன்னார்களாம். மிக்சியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். என் மனைவி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.