கிரவுண்ட் பாலன்ஸ் என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்: ‘நிலச் சமநிலை’ பொருந்துமா?

உவர்மலையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

அன்பின் குழுமத்தினருக்கு வணக்கம்.

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் குடியேறியிருக்கும் எம்மவர் சிலர், வார இறுதி நாட்களில் பலரட், பெண்டிகோ பக்கங்களில் மெட்டல் டிடெக்டரோடு தங்கக் கட்டி தேடப் போகிறார்கள். ‘மைனர்ஸ் ரைட்’ என்னும் அனுமதிப் பத்திரத்தை ஒருமுறை பெற்றால் அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அனுமதிக்கப்பட்ட நிலத்தில் கண்டெடுக்கும் தங்கம் எடுத்தவருக்கே உரியது. ஊரிலிருந்து போய்ச் சேர்ந்த பெற்றோரும் இப்போது கூடப் போகத் தொடங்கியிருப்பதால், அவர்கள் படித்து விளங்கிக்கொள்ளத்தக்க ஒரு கையேட்டைத் தமிழில் எழுதித் தருமாறு கேட்டிருக்கிறார்கள். இங்கே திருகோணமலையில் இருந்துகொண்டு அதை எழுதுவது சற்று விநோதமான வேலைதான். நம் நாட்டில் ‘ஸ்கானர் மெசின்’ என்றாலே புதையல் தோண்டிக் கைதானவர்களின் செய்திதான் நினைவுக்கு வரும். உரிமமில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவதை 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே கையேடு எந்த நாட்டுக்குரியது என்பதை முதற்பக்கத்திலேயே எழுதிவிடுவேன்.

என்னை நிறுத்தி வைத்திருக்கும் சொல் ‘கிரவுண்ட் பாலன்ஸ்’. மண்ணிலுள்ள கனிமத்துக்குக் கருவி ஒலிக்காதபடி அதைச் சரிசெய்வதுதான் அது; தேடத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் செய்யவேண்டிய முதல் வேலை. ‘நிலச் சமநிலை’ என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்துப் பார்த்த பெரியவர் ஒருவர், மேடு பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து நிற்கவேண்டுமா என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருப்பதால் குழுமத்தின் உதவியை நாடுகிறேன்.

உப்புவெளியிலிருந்து, ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்

அன்பின் தங்கைக்கு,

சொல்லைத் தேடுமுன் கருவி என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. தேடு சுருளில் ஆடலோட்டம் பாயும்போது அதைச் சுற்றி மாறுகின்ற காந்தப்புலம் எழுகிறது. அந்தப் புலம் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் சுழிப்போட்டங்களை, அதாவது சுழன்று பாயும் சிறு மின்னோட்டங்களை, தூண்டுகிறது. அவ்வோட்டங்களால் உண்டாகும் சிறிய காந்தப்புலத்தை வாங்கு சுருள் உணர்ந்து, கருவி அதை ஒலியாக்கித் தருகிறது. தங்கம் மிக நல்ல கடத்தியென்றாலும் அரிசிமணியளவு துண்டொன்றில் எழும் சுழிப்போட்டம் மிகச் சிறியது. அது கணத்தில் அழிந்தும் விடுகிறது. அதனாலேயே தங்கத்துக்கென்று செய்யப்படும் தொடரலைக் கருவிகள் பல, நாணயம் தேடுவோரின் கருவிகளைவிட உயர்ந்த மீடிறனில், ஏறத்தாழ 18 முதல் 70 கிலோஹேர்ட்ஸ் வரையில், வேலை செய்கின்றன. சிறு தங்கத்துக்கு நல்லதாகிய அந்த உயர் மீடிறன், இரும்புக் கனிமம் மிகுந்த மண்ணில் தொந்தரவையும் கூட்டிவிடுகிறது.

தங்கம் கிடைக்கும் நிலங்கள் பெரும்பாலும் இரும்புக் கனிமம் செறிந்தவை. மக்னடைட்டு, மக்கமைட்டு ஆகியவை உலோகம் அல்ல. ஆனாலும் சுருளின் புலத்துக்கு அவையும் மறுமொழி தருகின்றன. நம் மாவட்டத்திலேயே சேருவிலையில் மக்னடைட்டும் செப்புக் கனிமமும் சேர்ந்த படிவு உண்டு. அதன் மேல் இக்கருவியைச் சரிசெய்யாமல் பிடித்தால், ஒரு குண்டூசிகூடப் புதைந்திராத இடத்திலும் அது ஓயாது கத்தும். எனினும் மண் தரும் மறுமொழி, தூண்டும் புலத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட அவத்தைக் கோணத்தில் (அலை எவ்வளவு பிந்தி வருகிறது என்பதன் அளவு) வருகிறது. தங்கம் தரும் மறுமொழி வேறொரு கோணத்தில் வருகிறது. மண்ணுக்குரிய கோணத்தைக் கருவிக்குக் காட்டிக்கொடுத்து, அக்கோணத்தில் வருவதையெல்லாம் விட்டுவிடச் செய்வதே நீங்கள் கேட்கும் வேலை. இதில் சமநிலை எங்கே இருக்கிறது?

சமநிலை இருந்தது பழைய கருவியில். 1879 இல் டேவிட் ஹியூஸ் அமைத்த தூண்டல் தராசில் சுருள்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து ஒலியின்றி நிற்கும். அருகே உலோகம் வந்தால் அந்த ஈடு குலைந்து ஒலி கேட்கும். அந்தத் தத்துவத்தைக் கொண்டுதான் 1881 இல், சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க சனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் துப்பாக்கிக் குண்டைத் தேடினார் அலெக்சாந்தர் கிரகாம் பெல். தேடல் கைகூடவில்லை, படுக்கையிலிருந்த உருக்குக் கம்பிச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. சுருள்கள் தமக்குள் சமநிலையில் இருப்பது ஒன்று, சுற்றுப்புறத்திலிருந்து வருவதைக் கழித்துவிடுவது வேறொன்று என்பதை இந்த நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது. முன்னதற்குத் ‘தராசு’, ‘சமநிலை’ என்ற சொற்கள் பொருந்தும். பின்னதற்கு நான் முன்வைப்பது ‘மண் கழித்தல்’. துடிப்பு வகைக் கருவிகளுக்கும் இச்சொல் பொருந்தும்: அவை வலிய மின்துடிப்பொன்றை அனுப்பி நிறுத்திவிட்டு, மறுமொழி தேய்ந்து மறையும் விதத்தை மைக்ரோ செக்கன்களில் அளக்கின்றன, அங்கேயும் மண்ணின் பங்கு கழிக்கப்படவே செய்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தங்கம் தேடுவோர் சொல்லும் ‘பிளாக் சாண்ட்’ என்பதைக் ‘கருமணல்’ என்று எழுதப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் பக்கத்து வாசகருக்குக் கருமணல் என்றால் புல்மோட்டை. அங்கே மிகுந்திருப்பது இல்மனைட்டு. அது மக்னடைட்டைப்போல் காந்தத்தில் பாய்ந்து ஒட்டுவதில்லை. அவர்கள் பேசுவது பெரும்பாலும் மக்னடைட்டு மிகுந்த மணலைப் பற்றி. ‘காந்த மணல்’ என்று எழுதினால் குழப்பம் தீரும். தங்கக் கட்டிக்கு வேறு சொல் தேட வேண்டாம். அரைக் கிராமும் கட்டிதான், 1980 இல் விக்டோரியாவின் கிங்கவர் அருகே இத்தகைய கருவி காட்டிக்கொடுத்த 27 கிலோவும் கட்டிதான்.

மூதூரிலிருந்து, முன்னாள் கண்ணிவெடி அகற்றும் பணியாளர்

வணக்கம் சேர், வணக்கம் அக்கா.

வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கங்களில் மிதிவெடி அகற்றும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் சில சொல்ல விரும்புகிறேன். நாங்கள் தேடியது தங்கம் இல்லையென்றாலும், பிளாஸ்டிக் வெடிக்குள் இருக்கும் சிறு உலோகத் துண்டைப் பிடிக்கவேண்டியிருந்ததால், மண்ணோடு எங்களுக்கு இருந்த வழக்கும் இதேதான்.

‘மண் கழித்தல்’ பிழையான சொல் அல்ல. ஆனால் படிக்காத ஒருவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கும்போது, மண்ணை அள்ளி அப்புறப்படுத்துவதாக அவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. தோண்டுவதே வேலையாக இருப்பவரிடம் அந்த மயக்கம் இன்னும் கூடும். தவிரவும், அச்சொல் கருவிக்குள் நடப்பதைச் சொல்கிறதே தவிர ஆள் செய்யவேண்டியதைச் சொல்லவில்லை. ஆள் செய்வது என்ன? உலோகம் இல்லாத துண்டு நிலமாகப் பார்த்து, சுருளைத் தரைக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வரை இறக்கி, ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி, மறுபடி இறக்கி, ஒலி மாறாமல் நிற்கும்வரை இதையே செய்கிறார். களத்தில் நாங்கள் இதை ‘மண்ணுக்குப் பழக்கிறது’ என்போம். புதிய மாட்டை வண்டியில் பழக்குவதைப் போலத்தான் அந்தப் பேச்சு வந்திருக்கவேண்டும். ஆகவே ‘மண் பழக்கல்’ என்று எழுதலாமா?

இச்சொல்லை எடுத்தால் இன்னும் இரண்டு சொற்கள் தாமாகவே கிடைக்கின்றன. தங்கம் தேடுவோரை ஏமாற்றும் ‘ஹொட் ரொக்’ என்பதைச் ‘சூடான கல்’ என்று எழுதினால் கெடுதல்தான், ஏனென்றால் அந்தக் கல்லில் சூடு எதுவும் இல்லை. சுற்றியுள்ள மண்ணுக்கு ஒரு விதமாகவும் அந்தக் கல்லுக்கு வேறு விதமாகவும் கனிமம் அமைந்திருப்பதால், கருவி அதை உலோகமென்று எண்ணிக் கூவுகிறது. அதாவது கருவிக்கு அது பழகாத கல். ‘பழகாக்கல்’ என்றாலே போதும்.

மற்றது ‘ட்ராக்கிங்’. சில கருவிகள் நடக்க நடக்கத் தாமாகவே மண்ணுக்கேற்ப மாறிக்கொள்ளும். அது பெரிய வசதிதான், அதில் ஒரு பொறியும் உண்டு. ஆழத்தில் கிடக்கும் சிறு கட்டி மெல்லிய ஒலி தரும்; சந்தேகத்தில் அதன் மேலேயே சுருளை மறுபடி மறுபடி வீசிக்கொண்டிருந்தால், கருவி அந்தக் கட்டியையும் மண்ணின் பகுதியாக எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். ‘கழித்தல்’ என்று எழுதிவிட்டு இதை விளக்க ஒரு பந்தி வேண்டும். ‘கருவி தங்கத்துக்கும் பழகிப்போய்விடும்’ என்றால் எந்தப் பெரியவருக்கும் ஒரே தடவையில் விளங்கும்.

உப்புவெளியிலிருந்து, ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்

அன்பின் தம்பிக்கும் தங்கைக்கும்,

தம்பி சொன்ன கடைசிக் காரணம் வலுவானது. ஒரு கலைச்சொல் செயலுக்குப் பெயராக நிற்பதோடு, அச்செயல் எங்கே தவறிப்போகும் என்பதையும் உணர்த்துமானால் அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எனினும் பாடநூலில் அவத்தைக் கோணத்தை வைத்து விளக்கும்போது ‘கழித்தல்’ என்றே நான் எழுதுவேன்; கையேட்டில் ‘பழக்கல்’ நிற்கட்டும். ஒரே செயலுக்கு மாணவருக்கு ஒரு சொல்லும் கையாள்பவருக்கு ஒரு சொல்லும் இருப்பதில் தீங்கில்லை.

இலக்கணத்தில் இரண்டு குறிப்புகள் உண்டு. முதலாவது, ‘மண் பழக்கல்’ என்ற தொகையை ‘மண்ணைப் பழக்கல்’ என்று விரிக்கவும் இடமிருக்கிறது. நமக்கு வேண்டியது ‘மண்ணுக்குப் பழக்கல்’. எனவே கையேட்டில் இச்சொல் முதன்முதல் வரும் இடத்தில் நான்காம் வேற்றுமையை விரித்தே எழுதிவிட்டு, பின்னர் சுருக்கமான வடிவத்தைக் கையாளுங்கள். சேர்த்தெழுதினால் மட்குடம் என்பதுபோல் ‘மட்பழக்கல்’ என்று வரவேண்டும் என யாரேனும் விதி காட்டக்கூடும். பிரித்தே எழுதினால் அந்த வழக்குக்கு இடமில்லை.

இரண்டாவதுதான் எனக்கு மகிழ்ச்சி தந்தது. ஆள் கையால் செய்வதும் கருவி தானாகச் செய்வதும் வெவ்வேறு என்பதைக் காட்ட நாம் புதிய அடை எதையும் தேடவேண்டியதில்லை. பழக்கு என்பது பிறவினை, பழகு என்பது தன்வினை. ஆள் செய்வது பழக்கல்; கருவி தானே செய்துகொள்வது பழகல். ஓர் ஒற்றெழுத்து அந்த வேறுபாட்டைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் வெளியில், காற்றடிக்கும் இடத்தில், ஒருவர் மற்றவருக்குக் கத்திச் சொல்லும்போது இவ்விரண்டும் ஒன்றுபோலவே கேட்கும் என்பதால், தானியங்கு முறைக்குத் ‘தொடர்பழகல்’ என்று ஒரு சொல்லை முன்னால் சேர்த்துவிடுவது நல்லது.

கடற்கரையில் தேடுவோருக்காக ஒரு வரி சேர்க்கவேண்டும். உப்பு நீரில் ஊறிய மணலும் மின்னைக் கடத்துவதால் மறுமொழி தருகிறது, ஆனால் அது காந்த மணலின் கோணத்தில் வருவதில்லை. ஒற்றை மீடிறன் கருவியை ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றுக்குத்தான் பழக்கமுடியும். இரண்டும் கலந்து கிடக்கும் ஈரக் கரையில் பல மீடிறன் கருவியோ துடிப்பு வகைக் கருவியோதான் உதவும். ‘சமநிலை’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வீர்கள் என்று எண்ணிப் பார்த்தேன், வழி தெரியவில்லை.

உவர்மலையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

இருவருக்கும் என் நன்றி.

மண் பழக்கல், தொடர்பழகல், பழகாக்கல், காந்த மணல் ஆகிய நான்கையும் வரைவில் மாற்றிவிட்டேன். பழைய சொல்லோடு தடுமாறிய அதே பெரியவரிடம் புதிய பக்கத்தைக் கொடுத்தேன். மேடு பள்ளம் பற்றி இம்முறை கேட்கவில்லை. மண் மாறும்போதெல்லாம் மறுபடியும் பழக்கவேண்டுமா என்று கேட்டார். ஆம், செம்மண்ணிலிருந்து சரளைக்கு மாறினாலும், வெயிலில் கருவி சூடேறினாலும், மறுபடி பழக்கிப் பார்ப்பது நல்லது என்பதை ஒரு வாக்கியமாகச் சேர்த்திருக்கிறேன்.

அடுத்து நிற்பது ‘த்ரெஷோல்ட்’. காதொலிக் கருவியில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய ஒலி அது. ஆழத்துத் தங்கம் பல வேளைகளில் தனியொலியாக வராமல், அந்த ஒலியில் ஏற்படும் சிறு ஏற்றமாகவோ குழைவாகவோதான் தெரியவரும். அகராதியைப் பார்த்தால் ‘நுழைவாயில்’, ‘வரம்பு’ என்கிறது, இரண்டும் உதவா. ‘சுருதி’ என்று எழுதலாமா என்று யோசிக்கிறேன். மண் பழக்குமுன் சுருதியைச் செவிக்கு மட்டுமட்டாகக் கேட்கும் அளவில் வைத்துக்கொள்ளவேண்டும் என்றால் வாக்கியம் இயல்பாக ஓடுகிறது. ஆனால் இசையில் சுருதி என்பது ஒலியின் உயரத்தைக் குறிக்க, இங்கே நாம் கூட்டிக் குறைப்பது உரப்பைத்தான். சேர் இதை ஏற்பாரா என்று அறிய விரும்புகிறேன். களத்தில் இதற்கு என்ன சொன்னீர்கள் என்பதைத் தம்பியும் எழுதினால், அந்த அத்தியாயத்தை முடித்து மூன்றாம் வரைவைக் குழுமத்துக்கு அனுப்பிவிடலாம்.