புதுப்பிப்பு: மைனிக்கு வாக்குவமா, சிசேரியனா?
கடைசி நேரத்தில் குழந்தையின் தலை இறங்கியும் வெளியே வராமல் நின்றால் வாக்குவமா (தலையில் உறிஞ்சும் கிண்ணம் வைத்து இழுத்து எடுப்பது), சிசேரியனா என்று என் மைனிக்காக (அண்ணி) முன்பு கேட்டிருந்தேன். நாகர்கோவிலில் பெண் குழந்தை பிறந்துவிட்டது. வாக்குவம்தான்.

கருப்பை வாய் 10 செ.மீ. முழுதாகத் திறந்து, தலையும் இறங்கியிருந்தால் மட்டுமே கருவி வைப்பார்களாம். அந்தக் கட்டத்தில் சிசேரியன் என்றால் ஆழத்தில் இருக்கும் தலையை மேலே எடுக்க வேண்டும், ரத்தப்போக்கு கூடலாம், கருப்பைத் தழும்பு அடுத்த பேற்றிலும் சிக்கல் தரலாம்.

பிள்ளையின் தலையில் இருந்த வீக்கம் வடிந்துவிட்டது. மைனிக்குத்தான் தையல், உட்காரவே சிரமப்படுகிறார். “சுகப்பிரசவம்தானே” என்று வருகிறவர்கள் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது; வலி வலிதானே.

வாக்குவத்தில் வராவிட்டால் இழுத்துக்கொண்டிருக்காமல் உடனே ஆபரேஷன் என்று டாக்டர் முன்பே சொல்லிவைத்தது பெரிய ஆறுதல். தேதி நெருங்குபவர்கள் இதை இப்போதே கேட்டுவிடுங்கள், வலி வந்த பிறகு பேச நேரம் இருக்காது.