மிஸ்டர்பேயஸ் பாதியில் நின்றுவிடுகிறது: கோர் கூட்டினால் சரியாகுமா?

புக்கிட்_நண்டு:
வணக்கம். சிங்கப்பூரில் மட்டுமே வாழும் ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ் நன்னீர் நண்டையும் அதன் ஜொகூர் உறவினங்களையும் வைத்துப் பரிணாம மரம் போடுகிறேன். இரண்டே ஜீன்: சிஓஐ, 16எஸ். பல்கலைக்கழகத்தின் பொதுக் கணினியில் மிஸ்டர்பேயஸ் என்ற மரம் போடும் மென்பொருளை ஓட்டினால், 24 மணி நேரம் ஆனதும் "வால்டைம்" (வேலை ஓடும் கடிகார நேரம்) தாண்டிவிட்டது என்று வேலையை நிறுத்திவிடுகிறது. லேபில் கைமாறி வந்த ஸ்கிரிப்டில் 64 கோர் (கணினியின் செயலி அலகு) கேட்டிருக்கிறது. 128 ஆக்கலாமா? வரிசையில் காத்திருப்பதற்கே நாள் போகிறது. அடுத்த வாரம் சூப்பர்வைசரிடம் மரத்தைக் காட்டியாக வேண்டும்.

ஈசூன்காரர்:
பேசாமல் சிப்ரஸ் போங்கள். பரிணாம மரம் போடுகிறவர்களுக்கென்றே சான் டியாகோ சூப்பர்கணினி மையம் உருவாக்கிய தளம். ஸ்கிரிப்ட் எழுதத் தேவையில்லை, ஒரு வேலைக்கு 168 மணி நேரம் வரை கேட்கலாம்.

கிளமென்டி_அக்கா:
பொறுங்கள் தம்பி, அதுவும் நாலு பேர் பங்கு போடும் கணினிதான். கோளாறு இங்கே என்னவென்று முதலில் பார்ப்போம். தங்கச்சி, வேலை ஓடும்போது "க்யூஸ்டாட் -எஃப்" கட்டளை போட்டு, "சிபியூடி" (எல்லா கோரும் சேர்ந்து உழைத்த நேரம்), "வால்டைம்" இரண்டையும் சொல்லுங்கள்.

புக்கிட்_நண்டு:
வால்டைம் 6:02, சிபியூடி 6:01.

கிளமென்டி_அக்கா:
அப்படியானால் ஒரே ஒரு கோர்தான் வேலை செய்கிறது. மற்ற 63-ம் சும்மா பூட்டிக் கிடக்கின்றன. உங்கள் ஸ்கிரிப்ட் எம்பிஐ (வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை) இல்லாத மிஸ்டர்பேயஸை அழைக்கிறது. எம்பிஐ பதிப்புக்கு மாறுங்கள், ஆனால் 8 கோர் போதும். மிஸ்டர்பேயஸின் அமைப்பை மாற்றாமல் விட்டால் 2 ரன் (தனித்தனித் தேடல்), ஒவ்வொன்றிலும் 4 செயின் (ஒரே நேரத்தில் ஓடும் தேடல் சங்கிலி), மொத்தம் 8. செயினைவிட அதிகமாக புராசஸ் கொடுத்தால் அது ஓடவே மறுக்கும். 8 கேட்டால் வரிசையிலும் பெரும்பாலும் சீக்கிரம் இடம் கிடைக்கும். இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும்: அந்த 63 கோருக்காக வேறு யாரோ ஒரு மாணவர் காத்துக் கிடந்திருப்பார். அந்த ஸ்கிரிப்டை லேபில் எல்லோருக்கும் திருத்திக் கொடுத்துவிடுங்கள்.

புக்கிட்_நண்டு:
ரொம்ப நன்றி அக்கா! இதுவரை ஓடியதெல்லாம் வீண்தானா?

கிளமென்டி_அக்கா:
இல்லை. ஃபோல்டரில் ".சிகேபி" என்று முடியும் ஃபைல் இருக்கும், ஓட்டம் எங்கே நின்றது என்பது அதில் பதிவாகியிருக்கும். எல்லாவற்றையும் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு, தேடலைத் தொடங்கும் எம்சிஎம்சி கட்டளையில் "அப்பெண்ட்=யெஸ்" சேருங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். அதே கட்டளையில் வரும் "என்ஜென்" என்பது மொத்தத் தலைமுறை (தேடலின் படி) எண்ணிக்கை. 50 லட்சம் கேட்டு 30 லட்சத்தில் நின்றிருந்தால், மறுபடியும் 50 லட்சம் என்றே போடுங்கள்.

ஈசூன்காரர்:
அக்கா சொல்வதுதான் சரி. அவசரத்துக்கு ஐக்யூ-ட்ரீ என்ற மென்பொருளில் ஒரு மேக்சிமம் லைக்லிஹுட் (தரவுக்கு மிகவும் பொருந்தும் மரத்தைத் தேடும் முறை) மரமும் போட்டு வையுங்கள். இரண்டு ஜீனுக்கு உங்கள் லேப்டாப்பே தாங்கும். நடுவில் நின்றாலும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் தானே தொடரும்.

புக்கிட்_நண்டு:
8 கோரில் ஓடி முடிந்துவிட்டது! ஸ்பிளிட் விலகல் சராசரி (இரண்டு ரன்னும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் எண்) 0.01-க்குக் கீழே இறங்கிவிட்டது. சூப்பர்வைசரிடம் காட்டலாமா?

கிளமென்டி_அக்கா:
டிரேசர் மென்பொருளில் இஎஸ்எஸ் (ஒன்றையொன்று சாராத மாதிரிகள் எத்தனைக்குச் சமம் என்ற எண்) பார்த்தீர்களா? எல்லா அளவுருவுக்கும் 200-க்கு மேல் இருந்தால் தாராளமாகக் காட்டுங்கள். எதிலாவது குறைந்தால் என்ஜென்னை ஏற்றி, அதே அப்பெண்ட் முறையில் இன்னும் ஓடவிடுங்கள்.