அம்மம்மா பிறந்த மருதங்குளம் எது? பழைய வரைபடங்களில் தேடுவது எப்படி?

கேள்வி (ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு மாவட்டம், இலங்கை):

என் அம்மம்மாவின் பிறப்புப் பதிவில் ஊர் மருதங்குளம் என்றிருக்கிறது. அங்கே பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்ததாகவும், காய்ச்சலில் பலர் இறந்துபோக எஞ்சியவர்கள் முள்ளியவளைப் பக்கம் வந்து குடியேறியதாகவும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்றைய கிராம அலுவலர் பிரிவுகளில் அந்த ஊர் இல்லை. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் அளவிலான பழைய வரைபடத்தில் அதே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட குளங்கள் தெரிகின்றன. எங்கள் ஊரை உறுதிப்படுத்த வழியுண்டா? அம்மம்மா இருந்தபோதே விபரமாகக் கேட்டு வைக்காதது எனக்குப் பெரிய மனவருத்தம்.

பதில் 1 (ஓய்வுபெற்ற நில அளவையாளர், வவுனியா):

பிள்ளை, மருது, புளி, விளா, நாவல் என்று மரத்தின் பெயரோடு குளத்தைச் சேர்த்து ஊருக்குப் பெயரிடுவது வன்னியில் வழமையாக இருந்தபடியால், பெயரை மட்டும் கொண்டு தேடினால் வழிதவறிவிடுவீர்கள். முதலில் ஊர் எந்தப் பற்றில், அதாவது எந்தப் பழைய நிர்வாகப் பிரிவில், இருந்தது என்று கண்டுபிடியுங்கள். பிறப்புப் பதிவில் பதிவாளர் பிரிவு எழுதப்பட்டிருக்கும். அது கரிக்கட்டுமூலையா, மேற்பற்றா என்று தெரிந்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும். அதன்பின் 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் ஊர்வாரித் தொகுதியில் அந்தப் பற்றின் கீழ் பாருங்கள். ஆங்கிலேயர் கால அரச அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேடும் உதவும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: வரைபடத்தில் குளத்தின் பெயர் இருப்பதால் அங்கே அப்போது குடிகள் இருந்தார்கள் என்று ஆகாது. கட்டு உடைந்து காடேறிய குளத்துக்கும் பெயர் நிலைத்திருக்கும். பெயர் குறுகிப்போவதும் உண்டு. இன்றைய வவுனியா நகரமே ஆங்கிலேயர் காலப் பதிவுகளில் வவுனியா விளாங்குளம் என்றுதான் இருக்கிறது. பின்பாதி பேச்சிலிருந்தும் எழுத்திலிருந்தும் உதிர்ந்துவிட்டது. ஆகவே மருதங்குளத்துக்கு முன்னோ பின்னோ இன்னொரு சொல் சேர்ந்த பெயர்களையும் விட்டுவிடாதீர்கள்.

பதில் 2 (ஆசிரியை, நெடுங்கேணி):

ஐயா சொன்னதோடு காணி உறுதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தங்கச்சி. ஊரை விட்டு வந்தவர்கள் பழைய குளத்தின் கீழ் இருந்த வயற்பங்கை உடனே கைவிடுவதில்லை. அதை விற்றபோதோ சீதனமாக எழுதியபோதோ நான்கு எல்லைகளையும் குறித்திருப்பார்கள். அந்த எல்லைகளில் வரும் பக்கத்துக் குளம், மோட்டை (சிறு நீர்நிலை), மடு ஆகியவற்றின் பெயர்களை வரைபடத்தில் ஒன்றாகப் பொருத்தினால், ஒரே பெயருள்ள குளங்களில் உங்களுடையது தனித்துத் தெரியும். ஆங்கில எழுத்தில் ல, ள, ழ வேறுபாடு மறைந்துவிடுவதால், அந்தப் பெயர்களை வரைபடத்தில் இருப்பதுபோல் அப்படியே தமிழாக்காமல் உறுதியில் உள்ள எழுத்தையே நம்புங்கள். எந்தக் குளக்கட்டு ஐயனாருக்கு உங்கள் குடும்பத்தார் பொங்கினார்கள் என்பதையும் முள்ளியவளையில் முதியவர்களிடம் கேளுங்கள். ஊர்ப்பெயரை மறந்தவர்கள்கூடப் பொங்கலுக்குப் போன பாதையை மறப்பதில்லை.

பதில் 3 (முல்லைத்தீவு):

இடம் தெரிந்தாலும் தனியாகக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதியா என்று பிரதேச செயலகத்தில் கேட்டறிந்து, அப்பகுதியில் மாடு மேய்க்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய கிணறும் புளியமரமும் ஓட்டுத்துண்டுகளும் எங்கே கிடக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. பெரிய மாமாவின் பெட்டகத்தில் 1940களின் உறுதி ஒன்று இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து, எல்லைப் பெயர்களை இங்கே எழுதுகிறேன்.